முதல் பாகமே இல்லாத இரண்டாம் பாகம்! - 'ஜோம்பி 2' படத்தின் விசித்திர வரலாறு

ஒரு படத்தோட பேர் 'ஜோம்பி 2'. சரி, முதல் பாகத்தைப் பார்த்துட்டு இதுக்கு வருவோம்னு போனை எடுத்துத் தேடுறீங்க. இயக்குநர் லூசியோ ஃபுல்சி எடுத்த படங்களோட மொத்த லிஸ்ட்டையும் மேல கீழ உருட்டினாலும் 'ஜோம்பி 1' கிடைக்காது. ஏன்னா, அப்படி ஒரு படத்தை அவர் எடுக்கவே இல்லை!

அப்போ அந்த '2' எங்கிருந்து வந்துச்சு? இன்னொருத்தர் படத்துல இருந்து. வேற இயக்குநர், வேற கதை, வேற நாடு. அந்தப் படம் ஹிட் அடிச்சதைப் பார்த்து, அதோட வால்ல தன் வண்டியைக் கட்டிக்கிட்ட படம்தான் 'ஜோம்பி 2'. இப்படி யார்கிட்டயும் உரிமை வாங்காம வர்ற தொடர்ச்சிப் படங்களுக்கு 'அன்-அஃபிஷியல் சீக்வல்'னு பேர். 1960-கள்ல இருந்து 1990-கள் வரைக்கும் இத்தாலியில் இது ஒரு தனித் தொழிலாவே நடந்தது.

ஆனா, இந்தப் படத்தோட கதை தியேட்டரோட முடியலை. பிரிட்டன்ல போலீஸ் கேசட் கடைகளுக்குள்ள புகுந்து அள்ளிட்டுப் போன படங்கள்ல இதுவும் ஒண்ணு. அதே படம் இன்னிக்கு 4கே டிஸ்க்கா, பளபளன்னு அட்டைப்பெட்டியில் வந்து நிக்குது. நடுவுல என்ன நடந்ததுன்னு வரிசையா பார்ப்போம் வாங்க.

ஒரு சின்ன எச்சரிக்கை: இது 18 வயசு தாண்டினவங்களுக்கான படம். ரத்தம், சதைன்னு கொஞ்சமும் மறைக்காம காட்டும். வயிறு கலங்குற டைப் ஆளா இருந்தா, வரலாற்றை மட்டும் படிச்சுக்கோங்க. படம் கட்டாயமில்லை!

அந்த 'முதல் பாகம்' எது?

அமெரிக்க இயக்குநர் ஜார்ஜ் ஏ.ரொமேரோ 1968-ல் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' எடுத்தார். செத்தவங்க எழுந்து வந்து மனுஷங்களைத் தின்னுற கதை. இன்னிக்கு நீங்க பார்க்கிற அத்தனை ஜோம்பி படம், சீரிஸ், கேமுக்கும் அடித்தளம் அதுதான். பத்து வருஷம் கழிச்சு அதோட அடுத்த படமா 'டான் ஆஃப் தி டெட்' எடுத்தார். ஒரு பிரமாண்டமான ஷாப்பிங் மாலுக்குள்ள நாலு பேர் மாட்டிக்கிற கதை. பென்சில்வேனியாவில் இருக்கிற மன்றோவில் மால்லதான் பெரும்பகுதி ஷூட்டிங் நடந்தது.

இந்தப் படத்துக்குப் பணம் போட உதவினவர் இத்தாலியின் திகில் பட இயக்குநர் டேரியோ அர்ஜென்டோ. ரொமேரோவை ரோமுக்கே வரவெச்சு அங்கேயே திரைக்கதை எழுத வெச்சார். பதிலுக்கு, ஆங்கிலம் பேசாத நாடுகளுக்குப் படத்தைத் தன் இஷ்டப்படி எடிட் பண்ணிக்கிற உரிமையை வாங்கிக்கிட்டார். அமெரிக்காவில் 127 நிமிஷம் ஓடின படம், அர்ஜென்டோ கையில் 119 நிமிஷமா சுருங்கி வேகமெடுத்தது. 'காப்ளின்' இசைக்குழுவோட மியூசிக் கூடுதலா சேர்ந்தது. 1978 செப்டம்பர்ல இத்தாலியில் ரிலீஸ் ஆனப்போ அதுக்கு வெச்ச பேர்தான், 'ஜோம்பி'.

படம் ஹிட். அடுத்த வருஷமே, அதாவது 1979 ஆகஸ்ட்ல 'ஜோம்பி 2' தியேட்டருக்கு வந்துடுச்சு. ரொமேரோவுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை. அர்ஜென்டோவுக்கும் இல்லை. ஃபப்ரிசியோ டி ஏஞ்சலிஸ், உகோ துச்சின்னு ரெண்டு தயாரிப்பாளர்கள், ஃபுல்சியை இயக்குநரா போட்டு எடுத்த படம் அது.

இது திருட்டா, இல்லையா?

இதுதான் முக்கியமான கேள்வி. 'அடுத்தவன் உழைப்புல குளிர்காயுறது தப்பில்லையா?'ன்னு உங்களுக்குத் தோணும். கொஞ்சம் பிரிச்சுப் பார்ப்போம்.

'ஜோம்பி'ங்கிற வார்த்தை ரொமேரோவுடையதும் இல்லை, அர்ஜென்டோவுடையதும் இல்லை. அது கரீபியன் தீவு நாடான ஹைட்டியோட நாட்டார் நம்பிக்கையில் இருந்து வந்தது. சூனியத்தால எழுப்பப்பட்டு, சொந்த புத்தி இல்லாம அடிமையா வேலை செய்யற உடல்தான் ஜோம்பி. 1929-ல் வில்லியம் சீப்ரூக்கோட பயண நூல் மூலமா அந்த வார்த்தை அமெரிக்காவில் பரவுச்சு. 1932-ல் பெலா லுகோசி நடிச்ச 'வொயிட் ஜோம்பி' வந்தது. 1943-ல் 'ஐ வாக்ட் வித் எ ஜோம்பி' வந்தது. சொல்லப்போனா, ரொமேரோவோட 1968 படத்துல 'ஜோம்பி'ங்கிற வார்த்தையே கிடையாது!

அப்போ ஃபுல்சி படம் எடுத்துக்கிட்டது என்ன? பொதுச் சொத்தான ஒரு வார்த்தை, அதுக்குப் பக்கத்துல '2'ங்கிற எண், அந்த ரெண்டும் சேர்ந்து ரசிகர் மனசுல கிளப்பின எதிர்பார்ப்பு. கதாபாத்திரங்களை எடுக்கலை. கதையை எடுக்கலை. மால் எல்லாம் கிடையவே கிடையாது. பொதுவா காப்பிரைட்ங்கிறது ஒரு ஐடியாவைப் பாதுகாக்காது. அந்த ஐடியாவை நீங்க எழுதின, எடுத்த விதத்தைத்தான் பாதுகாக்கும். அந்தக் கணக்குல பார்த்தா, 'ஜோம்பி 2' போஸ்டர்ல பண்ணின சேட்டை, படத்துக்குள்ள இல்லை.

இந்தக் கோடு எவ்வளவு முக்கியம்னு புரிய இன்னொரு உதாரணம். 1981-ல் என்சோ ஜி.காஸ்டெல்லாரி 'லுல்டிமோ ஸ்குவாலோ'ன்னு ஒரு சுறா படம் எடுத்தார். அமெரிக்காவில் 'கிரேட் வொயிட்'ங்கிற பேர்ல 1982-ல் ரிலீஸ். ஸ்பீல்பெர்க்கோட 'ஜாஸ்' கதையை ரொம்பவே நெருங்கிப் போயிருந்தது. யுனிவர்சல் நிறுவனம் கோர்ட்டுக்குப் போக, படத்தைத் தியேட்டர்ல இருந்து தூக்க வேண்டியதாயிடுச்சு. பேர் வேற, உள்ளே சரக்கு அதேங்கிறதால மாட்டிக்கிட்ட படம் அது. 'ஜோம்பி 2' அப்படியே உல்ட்டா. பேர் அதே, சரக்கு வேற. அது தப்பிச்சுது.

'நாளம்' தேடும் வியாபாரம்

இத்தாலிய சினிமாவில் 'ஃபிலோனே'ன்னு ஒரு வார்த்தை உண்டு. சுரங்கத்துல பாறைக்கு நடுவே ஓடுற தாதுப்பொருளோட நாளம்னு அர்த்தம். ஒரு படம் ஓடினா, அந்த நாளத்துல தங்கம் தீர்ற வரைக்கும் எல்லாரும் தோண்டுவாங்க. 1958-ல் 'ஹெர்குலிஸ்' ஓடினதும் பலசாலி ஹீரோ புராணப் படங்களா வந்து குவிஞ்சது. 1964-ல் 'எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்' ஓடினதும் கவ்பாய் படங்கள். அப்புறம் மர்மக் கொலைப் படங்கள், போலீஸ் படங்கள், கடைசியா ஜோம்பி படங்கள்.

அந்த 'டாலர்ஸ்' படமே அகிரா குரோசவாவோட 'யோஜிம்போ'வை அனுமதி வாங்காம மறுபடி எடுத்ததுதான். ஜப்பானோட டோஹோ நிறுவனம் கேஸ் போட்டு, உலக வசூல்ல 15 சதவிகிதத்தை வாங்கிக்கிச்சு. மாட்டினா காசு கொடுத்து செட்டில் பண்ணிக்கலாம்ங்கிற தைரியம் அந்தத் தொழில்ல எப்பவும் இருந்தது.

அதுல சில 'சாதனைகளை' கேட்டா சிரிப்பீங்க.

ஜாங்கோ: செர்ஜியோ கார்புச்சி இயக்கத்துல ஃபிராங்கோ நீரோ நடிச்ச 'ஜாங்கோ' 1966-ல் வந்தது. அதுக்கப்புறம் 'ஜாங்கோ'ங்கிற பேரை ஒட்டிக்கிட்டு டஜன் கணக்குல படங்கள் வந்தன. ஆனா, ஒரிஜினல் ஹீரோவே திரும்பி வந்த அதிகாரபூர்வமான தொடர்ச்சி 1987-ல் வந்த ஒண்ணே ஒண்ணுதான்.

ஏலியன் 2: ரிட்லி ஸ்காட்டோட 'ஏலியன்' 1979-ல் வந்தது. ஜேம்ஸ் கேமரூனோட 'ஏலியன்ஸ்' 1986-ல். நடுவுல 1980-லேயே இத்தாலியில் 'ஏலியன் 2 - பூமியில்'னு அர்த்தம் வர்ற பேர்ல ஒரு படம் ரிலீஸ் ஆகிடுச்சு!

டெர்மினேட்டர் 2: கேமரூனோட 'டெர்மினேட்டர் 2' 1991-ல்தான் வந்தது. அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே, புரூனோ மாத்தேய் தன்னோட படம் ஒண்ணை இத்தாலியில் 'டெர்மினேட்டர் 2'ன்னு வித்துட்டார். வெளிநாட்டுல அதுக்குப் பேர் 'ஷாக்கிங் டார்க்'. கதையோ பெரும்பாலும் 'ஏலியன்ஸ்' மாதிரி இருக்கும். ஒரே கல்லுல ரெண்டு மாங்கா!

வீடு 3, 4, 5: சாம் ரெய்மியோட 'ஈவில் டெட்' இத்தாலியில் 'லா காசா', அதாவது 'வீடு'ங்கிற பேர்ல ரிலீஸ் ஆச்சு. ரெண்டாம் பாகம் 'வீடு 2'. அதுக்கப்புறம் இத்தாலிய தயாரிப்பாளர்களே 3, 4, 5-ன்னு போட்டுக்கிட்டே போனாங்க. ரெய்மிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை.

'ஜோம்பி 2'க்குள்ள என்ன இருக்கு?

நியூயார்க் துறைமுகத்துக்கு ஆளில்லாம ஒரு படகு மிதந்து வருது. உள்ளே போன காவலர்களை ஒரு ஜோம்பி தாக்குது. படகோட சொந்தக்காரரின் மகளும் (டிசா ஃபாரோ), ஒரு பத்திரிகையாளரும் (இயன் மெக்கல்லோ) அவரைத் தேடி கரீபியன் கடல்ல இருக்கிற 'மட்டூல்'ங்கிற கற்பனைத் தீவுக்குக் கிளம்புறாங்க. அங்கே ஒரு டாக்டர் (ரிச்சர்ட் ஜான்சன்), செத்தவங்க ஏன் எழுறாங்கன்னு புரியாம போராடிக்கிட்டிருக்கார். கதை அவ்வளவுதான்.

கதையோட உடம்பு முழுக்கத் தீவுல இருக்கு. தலையும் வாலும் மட்டும் நியூயார்க். அமெரிக்கப் படத்தோட தொடர்ச்சின்னு நம்ப வைக்க அந்த நியூயார்க் காட்சிகள் ரொம்பவே உதவுச்சு. கடைசிக் காட்சியில் புரூக்ளின் பாலத்துல ஜோம்பிங்க வரிசையா நடந்து வரும். நல்லா கவனிச்சீங்கன்னா, கீழே கார்கள் ஒண்ணுமே நடக்காத மாதிரி ஆபீஸ் போய்க்கிட்டிருக்கும். உலகமே அழியுது, டிராஃபிக் மட்டும் குறையலை!

ரொமேரோ படத்துல டாம் சவினி போட்ட மேக்கப்ல ஜோம்பிங்க நீலமும் சாம்பலுமா முகம் வெளுத்துத் திரியும். ஃபுல்சி படத்துல ஜியானெட்டோ டி ரோஸ்ஸி வேற ரூட் பிடிச்சார். முகத்துல களிமண்ணை அடுக்கடுக்கா அப்பி, காயவெச்சு, நிஜப் புழுக்களையும் விட்டார். நிஜமாவே மண்ணுக்குள்ள இருந்து வந்த மாதிரி இருக்கும். கண்குழியில் புழு நெளியுற அந்த ஜோம்பி முகம்தான் படத்தோட போஸ்டர். இதே டி ரோஸ்ஸி பின்னாடி டேவிட் லின்ச் எடுத்த 'டியூன்' (1984) படத்துக்கு வேலை செஞ்சார்.

ரெண்டு காட்சிகளால இந்தப் படம் சரித்திரத்துல நிக்குது. ஒண்ணு, உடைஞ்ச கதவோட மரச்சிலும்பு ஒரு பெண்ணோட கண்ணை நோக்கி மெதுவா வர்ற காட்சி. கேமரா திரும்பாது, வெட்டாது. ரெண்டாவது, தண்ணிக்கடியில் ஜோம்பிக்கும் சுறாவுக்கும் நடக்கிற சண்டை. கிராஃபிக்ஸ் கிடையாது, நிஜ சுறா. ஜோம்பி வேஷம் போட்டவர் சுறாக்களோட பழகின மெக்ஸிகோ நீச்சல் வீரர் ரமோன் பிராவோ. இன்னிக்கு ஒரு படத்துக்காக உயிருள்ள சுறாவை இப்படிப் பயன்படுத்தினா கேள்வி எழும், எழவும் வேணும். 2010-ல் விண்டோஸ் 7 விளம்பரம் ஒண்ணுல இந்தச் சண்டைக் காட்சி வந்ததுங்கிறது தனி காமெடி.

படத்தோட குறையையும் சொல்லிடணும். தீவு மக்களோட நம்பிக்கை இதுல வெறும் பயமுறுத்துற முரசுச் சத்தமா மட்டுமே வருது. அவங்களுக்குனு குரலே இல்லை. ஜோம்பிங்கிற கருத்தே கரீபியன் அடிமை வாழ்க்கையோட வலியில் இருந்து வந்தது. அந்த வலியைப் படம் கண்டுக்கலை. பார்க்கும்போது இதை மனசுல வெச்சுக்கிட்டுப் பாருங்க.

கேசட் கடையில் போலீஸ்!

தியேட்டர்ல ஓடி முடிஞ்ச படம் அதோட மறந்துபோயிருக்கணும். அப்போதான் வீட்டுக்கு வி.சி.ஆர் வந்தது.

பிரிட்டன்ல இந்தப் படத்துக்குப் பேர் 'ஜோம்பி ஃபிளெஷ் ஈட்டர்ஸ்'. தியேட்டருக்கு வர்றப்போ பி.பி.எஃப்.சி என்ற தணிக்கை அமைப்பு சில காட்சிகளை வெட்டி 'எக்ஸ்' சர்டிஃபிகேட் கொடுத்தது. ஆனா, 1980-களோட தொடக்கத்துல வீடியோ கேசட்டுக்குத் தணிக்கை கட்டாயம்னு சட்டமே இல்லை. விப்கோங்கிற நிறுவனம் வெட்டின பிரதி, வெட்டாத பிரதின்னு ரெண்டையும் விட்டது. தியேட்டர்ல பார்க்க முடியாததை, முனைக்கடையில் வாடகைக்கு எடுத்து வீட்டுல பார்க்கலாம்!

இதே விப்கோ 'தி டிரில்லர் கில்லர்' படத்துக்கு 1982-ல் கொடுத்த கொடூரமான விளம்பரத்தால புகார்கள் குவிஞ்சது. பத்திரிகைகள் இந்த மாதிரி படங்களுக்கு 'வீடியோ நாஸ்டீஸ்'னு பேர் வெச்சு எரியவிட்டன. மேரி வொயிட்ஹவுஸ்ங்கிற ஒழுக்கப் பிரசாரகர் தலைமையில் போராட்டம் சூடுபிடிச்சது. 1959-ம் வருஷத்து ஆபாச வெளியீடுகள் சட்டத்தைக் கையில் எடுத்துக்கிட்டு போலீஸ் கடை கடையா ஏறுச்சு. அரசுத் தரப்பு வழக்கு இயக்குநர் அலுவலகம் ஒரு பட்டியல் போட்டது. அதுல காலப்போக்குல மொத்தம் 72 படங்கள் இடம்பெற்றன. 39 படங்கள் மேல வழக்கு ஜெயிச்சது. அந்த 39-ல் ஒண்ணு, நம்ம 'ஜோம்பி 2'.

இதுல பாதிக்கப்பட்டது யாருன்னு யோசிங்க. ரோமுல இருக்கிற தயாரிப்பாளருக்கு ஒண்ணும் ஆகலை. கேசட்டை அலமாரியில் வெச்சிருந்த சின்னக் கடைக்காரர்தான் சரக்கை இழந்தார், கோர்ட் படியேறினார். ஒரே படத்துக்கு ஒரு ஊர்ல தண்டனை, இன்னொரு ஊர்ல விடுதலைன்னு குழப்பம் வேற. 'நைட்மேர்ஸ் இன் எ டேமேஜ்டு பிரெய்ன்'ங்கிற படத்தோட விநியோகஸ்தர் ஒருத்தர் ஜெயிலுக்கே போனார்.

1984-ல் வீடியோ பதிவுகள் சட்டம் வந்தது. இனி எல்லா கேசட்டுக்கும் தணிக்கை சான்று கட்டாயம். 'ஜோம்பி ஃபிளெஷ் ஈட்டர்ஸ்' பல வருஷத்துக்குக் கடைகளில் இல்லாமப்போச்சு. பிரதிக்குப் பிரதி எடுத்து, கோடு விழுந்து, கலர் வெளுத்த கேசட்டுகள் கைமாறிக்கிட்டிருந்தன. அப்புறம் வெட்டுகளோட திரும்ப வந்தது. ஒரு வெட்டுகூட இல்லாம '18' சான்று கிடைச்சது 2005-ல்தான். படத்துல ஒரு ஃபிரேம்கூட மாறலை. மாறினது பார்க்கிறவங்களைப் பத்தின நம்பிக்கைதான்.

இதுல ஒரு ஆண்டி-கிளைமாக்ஸும் உண்டு. 1984 சட்டத்தை ஐரோப்பிய ஆணையத்துக்கு முறைப்படி தெரிவிக்காமலே விட்டுட்டாங்கன்னு 2009-ல் தெரிய வந்தது. 25 வருஷமா அமல்ல இருந்த சட்டம், நடைமுறைப்படுத்தவே முடியாத சட்டம்! 2010-ல் அதையே அவசரமா மறுபடியும் நிறைவேத்தினாங்க.

கேசட்ல போனது... டிஸ்க்ல வந்தது!

இப்போ டெக்னிக்கல் ஏரியா. பயப்படாதீங்க, சிம்பிள்தான்.

'ஜோம்பி 2' எடுக்கப்பட்டது 'டெக்னிஸ்கோப்'ங்கிற முறையில். சாதாரணமா 35 எம்.எம். ஃபிலிம்ல ஒரு ஃபிரேம், ஓரத்துல இருக்கிற நாலு ஓட்டைகளோட உயரத்தைப் பிடிக்கும். டெக்னிஸ்கோப்ல ரெண்டே ஓட்டை உயரம்தான். அதாவது, பாதி ஃபிலிம் செலவுல அகலத்திரைப் படம்! கஞ்ச தயாரிப்பாளர்களுக்குக் கொண்டாட்டம். ஆனா, தியேட்டர் பிரதி எடுக்கும்போது அந்தச் சின்ன ஃபிரேமைப் பெருசாக்கணும். அதுல துல்லியம் கொஞ்சம் அடிபடும்.

அடுத்த அடி வி.ஹெச்.எஸ்-ல். படத்தோட அகலம் 2.35, உயரம் 1. அன்னிக்கு டி.வி-யோ கிட்டத்தட்ட சதுரம், 1.33-க்கு 1. திரை முழுக்க நிரப்பணும்னா ரெண்டு பக்கமும் வெட்டணும். கணக்குப் போட்டா, படத்துல 40 சதவிகிதத்துக்கும் மேல காணாமப்போகும். ஒளிப்பதிவாளர் செர்ஜியோ சல்வாட்டி அகலமா வெச்ச ஒவ்வொரு ஃபிரேமும் பாதிப் படமா சுருங்கினது இப்படித்தான். 'மலிவான, அசிங்கமான படம்'னு அந்தக் காலத்துல திட்டினவங்கள்ல பலபேர் பார்த்தது இந்தப் பாதிப் படத்தைத்தான்.

இப்போ வர்ற ரெஸ்டோரேஷன்ல, தியேட்டர் பிரதியை விட்டுட்டு நேரா கேமரா நெகட்டிவையே ஸ்கேன் பண்றாங்க. அதனால, 1979-ல் தியேட்டர்ல பார்த்தவங்களுக்குக்கூட கிடைக்காத விவரங்கள் இன்னிக்கு உங்க டி.வி-யில் தெரியும். களிமண் முகத்துல இருக்கிற விரிசல்வரைக்கும் எண்ணலாம்.

இந்த வேலையைச் செய்யறது பெரிய ஸ்டூடியோக்கள் இல்லை, சின்னச் சின்ன நிறுவனங்கள். பிரிட்டன்ல ஆரோ வீடியோ 2012-ல் ப்ளூ-ரே கொண்டுவந்தது. அமெரிக்காவில் ப்ளூ அண்டர்கிரவுண்ட் 2011-ல் ரெண்டு டிஸ்க் ப்ளூ-ரே, 2018-ல் நெகட்டிவ்ல இருந்து 4கே-யில் ஸ்கேன் பண்ணின மூணு டிஸ்க் பதிப்பு, 2020-ல் 4கே அல்ட்ரா ஹெச்.டி-ன்னு அடுத்தடுத்து விட்டது. 2018 பதிப்புல ஃபேபியோ ஃபிரிசியோட பின்னணி இசை தனி சி.டி-யாவே இருந்தது. இந்த நிறுவனத்தை ஆரம்பிச்ச வில்லியம் லஸ்டிக், 'மேனியாக்' (1980) எடுத்த திகில் பட இயக்குநர். ரசிகரே முதலாளியானா வேலை எப்படி இருக்கும்னு டிஸ்க்கைப் பார்த்தா புரியும். கூடவே வர்ற பேட்டிகள்ல, 'தி ஷேப் ஆஃப் வாட்டர்' இயக்குநர் கியர்மோ டெல் டோரோ தனக்குப் பிடிச்ச படங்கள்ல ஒண்ணா இதைப் பத்திப் பேசியிருக்கார்.

டிஸ்க் வாங்கப் போறீங்களா? இதைக் கவனிங்க!

பேரை சரிபாருங்க: இத்தாலியில் 'ஜோம்பி 2', அமெரிக்காவில் வெறும் 'ஜோம்பி', பிரிட்டன்ல 'ஜோம்பி ஃபிளெஷ் ஈட்டர்ஸ்'. மூணும் ஒரே படம். 'ஜோம்பி'ங்கிற பேர்ல ஐரோப்பாவில் கிடைக்கிறது ரொமேரோ படமாகவும் இருக்கலாம். இயக்குநர் பேர் லூசியோ ஃபுல்சியான்னு பார்த்துட்டு காசு கொடுங்க.

ரீஜன் கோடு: ப்ளூ-ரே டிஸ்க்குகளுக்கு ஏ, பி, சி-ன்னு மூணு மண்டலம். அமெரிக்கா ஏ, பிரிட்டன் பி, இந்தியா சி. வெளிநாட்டு ப்ளூ-ரே நம்ம பிளேயர்ல ஓடாமப் போகலாம். 4கே அல்ட்ரா ஹெச்.டி டிஸ்க்குக்கு இந்தத் தொல்லை இல்லை; ஆனா, அதுக்குனு தனி பிளேயர் வேணும்.

ஓடும் நேரம்: முழுப் படம் சுமார் 91 நிமிஷம். ரொம்பக் குறைஞ்சிருந்தா கத்தரி விழுந்த பிரதியா இருக்க வாய்ப்பு உண்டு.

திரை அளவு: 2.35:1-ன்னு போட்டிருக்கணும். மேலேயும் கீழேயும் கறுப்புப் பட்டை வந்தா சந்தோஷப்படுங்க, முழுப் படமும் உள்ளே இருக்குனு அர்த்தம்.

எந்த மொழி ஒரிஜினல்?: ரெண்டுமே! அந்தக் கால இத்தாலிய படங்கள்ல ஷூட்டிங்ல ஒலி பதிவு பண்ற பழக்கம் குறைவு. பல நாட்டு நடிகர்கள் நடிப்பாங்க, வசனத்தை அப்புறம் டப் பண்ணிக்குவாங்க. இங்கிலீஷ், இத்தாலியன் எதுல பார்த்தாலும் உதடு கொஞ்சம் ஒட்டாம இருக்கும். அது உங்க டி.வி-யோட கோளாறு இல்லை.

முகம் மெழுகு மாதிரி இருக்கா?: ஃபிலிம்ல இருக்கிற மணல்மணலான புள்ளிகள்தான் அதோட உயிர். 'சுத்தம் பண்றேன்'னு அதை அழிச்ச டிஸ்க்குகள்ல முகமெல்லாம் வழுவழுன்னு பொம்மை மாதிரி ஆயிடும். வாங்குறதுக்கு முன்னாடி விமர்சனங்கள்ல இருக்கிற ஸ்கிரீன்ஷாட்டுகளைப் பாருங்க.

எந்த வரிசையில் பார்க்கலாம்?

முதல்ல 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்'. ரிலீஸ் சமயத்துல பேரை மாத்தினப்போ, காப்பிரைட் குறிப்பைப் படத்துல போட விட்டுட்டாங்க. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி படம் பொதுச் சொத்தாயிடுச்சு. அதனால சட்டப்படியே இலவசமா பார்க்கலாம். ஒரு வரி விட்டுப்போனதால ரொமேரோவும் அவர் கூட்டாளிகளும் இழந்த பணத்துக்குக் கணக்கே இல்லை. அடுத்து 'டான் ஆஃப் தி டெட்'. முடிஞ்சா ரொமேரோ வெர்ஷன், அர்ஜென்டோ வெர்ஷன் ரெண்டையும் பாருங்க. எடிட்டிங் ஒரு படத்தை எப்படி மாத்தும்னு அதைவிட நல்ல பாடம் கிடையாது. மூணாவது 'ஜோம்பி 2'. பிடிச்சிருந்தா, ஃபுல்சி 1981-ல் எடுத்த 'தி பியாண்ட்' பாருங்க.

'ஜோம்பி 3' (1988) வேணுமா? பிலிப்பைன்ஸ்ல ஃபுல்சி ஆரம்பிச்சு, உடம்பு சரியில்லாம நடுவுலேயே கிளம்பிட்டார். மிச்சத்தை எடுத்து முடிச்சவர், அதே 'டெர்மினேட்டர் 2' புகழ் புரூனோ மாத்தேய். அதுக்கப்புறம் 'ஆஃப்டர் டெத்'ங்கிற படத்தை 'ஜோம்பி 4'ன்னும், மூணாம் பாகத்துக்கு முன்னாடியே 1987-ல் வந்த 'கில்லிங் பேர்ட்ஸ்' படத்தை 'ஜோம்பி 5'னும் வித்தாங்க. அடுத்தவங்ககிட்ட கடன் வாங்கின எண்ணையே வெச்சு அஞ்சு வரைக்கும் எண்ணிட்டாங்க!

கடைசியில் ஒண்ணு. தன்னோட ஹிட் படத்தோட பேரைப் பயன்படுத்திக்கிட்ட ஃபுல்சியோட, 1990-கள்ல அர்ஜென்டோ கைகோத்தார். அவர் தயாரிக்க, ஃபுல்சி இயக்குறதா இருந்த படம் 'தி வாக்ஸ் மாஸ்க்'. ஷூட்டிங் தொடங்குறதுக்கு முன்னாடியே, 1996-ல் ஃபுல்சி இறந்துட்டார். செர்ஜியோ ஸ்டிவலெட்டி இயக்க, 1997-ல் படம் வந்தது. தன் படம் 4கே-யில் மின்னுறதை ஃபுல்சி பார்க்கலை. போஸ்டர்ல இருந்த '2' இரவல்தான். ஆனா, அந்தக் களிமண் முகங்களும், கண்ணை நோக்கி வர்ற அந்த மரச்சிலும்பும் அவரோடது. இத்தனை வருஷம் படத்தைக் காப்பாத்தினது அதுதான்.

இன்னிக்கு ராத்திரி பார்க்கப் போறீங்கன்னா, சாப்பாட்டை முன்னாடியே முடிச்சுடுங்க மக்களே!